நீர்நாய்க்காகப் போட்ட மொட்டை

என் அருமை மருமகளே, கோமதி,

பழனி அடிவாரத்துப் பஞ்சாமிர்தக் கடையின் ஏகச் சக்கரவர்த்தியான உன் மாமன், நெற்றி நிறையத் திருநீறு பூசி, கிழக்கே பார்த்து நின்று உறுதி கூறுகிறேன். இனி நான் சொல்லப் போவதை மேலே இருக்கும் நீயும் நம்ப மாட்டாய், கீழே இதைப் படிக்கிறவர்களும் நம்ப மாட்டார்கள்.

அங்கே எப்படி இருக்கிறாய்? மேகத்துக்கு மேலே வெளிச்சம் அருமையாக இருக்குமே. கேமராவை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய், பொழுது எப்படிப் போகிறது?

அந்தக் கேமரா இப்போது என் கழுத்தில் தொங்குகிறது. சிரிக்காதே. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு ஒருநாள், பழனியிலிருந்து பஸ்ஸில் மலையேறிப் போகிற பெருமாள்மலையில் ஜாபர் பாய் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உன் பேச்சு வந்தது.

"தங்கமான புள்ளைண்ணே. ஆனா அந்த ஓடையில நீர்நாயப் பாத்தேன்னு சொல்லுச்சு பாருங்க, அது மட்டும் கண்ணு ஏமாத்துனதுதான். எங்க வாப்பா காலத்தோட அதெல்லாம் போயிருச்சு" என்றார் பாய். டீ குடித்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! ஆறிப்போயிருந்த டீ என் மூச்சுக்காற்று பட்டு மறுபடி கொதித்தது.

பொய் சொல்வது இந்தக் குடும்பத்தில் என் சோலி. நீயோ, பரீட்சையில் தோற்றதைக்கூட வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னவள். அப்படிப்பட்டவள் ஒரு தடவை பார்த்து, மறுபடி பார்க்கக் காத்துக் காத்து உட்கார்ந்து, படம் கிடைக்காமலே போய்விட்டாய். ஊர் உன் கண்ணைக் குறை சொல்கிறது. நான் சாட்சிக்குப் போனால், "அவரே சொல்லிட்டாரா, அப்ப நிச்சயம் கெடையாது" என்பார்கள். என் வாய் செல்லாது. படம்தான் பேச வேண்டும்.

"படத்தோட வர்றேன் பாய்" என்றேன்.

"நீங்களா? வாயை மூடிக்கிட்டு ஒரு டீ குடிக்க முடியுமாண்ணே உங்களால?"

வேலையைத் தொடங்குமுன் பழனிக்காரன் என்ன செய்வான்? முருகனுக்கு மொட்டை போட்டு மலையேறிக் கும்பிட்டேன். உன் முதல் மொட்டையை என் மடியில் வைத்துத்தான் எடுத்தார்கள், மலையே அதிர அலறினாய். உனக்காகப் போட்ட இந்த மொட்டைக்கு நான் முனகக்கூட இல்லை. தலையில் சந்தனத்தை அப்பிக்கொண்டு, அந்தக் கோலத்திலேயே பஸ் ஏறிப் பெருமாள்மலை ஓடைக்குப் போய் உட்கார்ந்தேன்.

வெயில் வந்தது. என் தலை பளபளத்ததில், திண்டுக்கல்லில் இரண்டு சூரியன் தெரிந்ததாகப் பேச்சு. சந்தன வாசனை கீழ்ச் சரிவிலுள்ள வெள்ளகவி கிராமம் வரை இறங்கியது. நீர்நாய் வருமா? ஓடை மீன்கூட வேறு ஓடை தேடிப் போயிருக்கும்.

"படம் எடுக்கப் போனீங்களா, பூசை பண்ணப் போனீங்களா?" என்று கேட்ட பாய், தன் பழுப்பு நிறக் குரங்குக் குல்லாவைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார். நம்பாதவர்தான், ஆனால் கொடுத்தார்.

அப்போதுதான் நீ சொன்னது எல்லாம் நினைவுக்கு வந்தது. காற்று ஓடையிலிருந்து நம் பக்கம் வீச வேண்டும். ஜவ்வாது கூடாது, வாசனைச் சோப்பு கூடாது. "காத்துக்கிட்டு இருக்கேன்னு நெனைக்காதீங்க மாமா. அங்கயே குடியிருக்கேன்னு நெனச்சுக்கங்க" என்பாயே, குடியேறிவிட்டேன்.

எப்படிப்பட்ட குடியிருப்பு! முழங்காலில் பாசி படர்ந்தது. சிலந்தி என் காதுக்கும் தோளுக்கும் பாலம் கட்டி முடித்தது. காட்டுமாடு ஒன்று என்னைப் பாறை என்று நினைத்து முதுகைச் சொறிந்துவிட்டுப் போனது. என் ரத்தம் குடித்த அட்டைகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டன.

மழையில் நனைந்து வெறுங்கையோடு திரும்பிய ஒரு சாயங்காலம், உன் அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏலே, கடை பூட்டிக் கெடக்கு. செத்துப்போன புள்ளைக்கு இனிமே எதுக்குடா படம்?"

கேமராவைத் துடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். மறுநாள் வெள்ளனே எழுந்தால், அக்கா புளிச்சோறு கட்டி வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "வெரசா போ. பஸ்ஸு போயிரும்."

அன்றைக்குத்தான், மருமகளே, அது நடந்தது! அப்பா நீர்நாய் முன்னே வர, அம்மாவும் பிள்ளைகளும் வரிசையாகப் பின்னே வர, பாறையில் ஏறிக் கல்யாணப் படத்துக்கு நிற்பதுபோல நின்றார்கள். அப்பா மீசையைத் துடைத்துக்கொண்டு, "என்ன, கோமதி வரலையா?" என்று கேட்டது.

சரி, சரி, முறைக்காதே. காலில் ஏறிய அட்டையைத் தட்டக் குனிந்தேன். தண்ணீரில் தொபுக்கென்று ஒரு சத்தம். நிமிர்ந்தால் யாருமில்லை. நடு ஓடைப் பாறையில் அப்போதுதான் உடைத்த நண்டு ஓடு. அதைச் சுற்றி ஈரப் பாதத் தடங்கள், தண்ணீரிலிருந்து ஏறி, மறுபடி தண்ணீருக்கே இறங்கியிருந்தன. வெயில் ஒரு ஓரத்திலிருந்து அவற்றைக் காய வைத்துக்கொண்டே வந்தது. காய்வதற்குள் எடுத்துவிட்டேன்.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, திரும்பவில்லை. "அஞ்சு வெரலு... நடுவுல சவ்வு... ஈரம்கூடக் காயலையேண்ணே" என்றார். பிறகு கடைக்குள் இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார்: "ஏலே, எல்லாரும் இங்க வாங்க. அந்தப் புள்ள சொன்னது நெசந்தான்!"

உன் கண்ணை இனி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மாமன் இதோடு விடுவதாக இல்லை. பாதம் கிடைத்துவிட்டது, முகம் பாக்கி. நாளைக்கும் போவேன், முழங்கால் மக்கர் செய்தால் தவழ்ந்து போவேன். அந்த மீசைக்கார முகத்தை எடுத்து உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டாமல் ஓய மாட்டேன்.

இந்தக் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் கழித்துக்கொள், கோமதி. பாறையில் இருந்த அந்த ஈரத்தை மட்டும் கழித்துவிடாதே. அது சத்தியமாக நிஜம்.

உன்னை மடியில் வைத்து மொட்டை போட்ட
தாய்மாமன்