மகளை ஏலத்தில் விட்டேன்

ஞாயிறு, இரவு

இன்று ஏலத்தில் நான் கேட்ட தொகையை நானே ஏற்றிவிட்டேன். தினமும் மீன் ஏலம் கூவுகிற வாய், சும்மா இருக்குமா? ஊர் கிரிக்கெட் போட்டியில் ஆடப்போகிறவர்களை நாங்கள் நான்கு பேர் காகிதத்தில் ஏலம் எடுத்தோம். ஆளுக்கு நூறு பாயிண்ட். யார் எடுத்த ஆட்கள் நன்றாக ஆடுகிறார்களோ அவருக்கு ஜெயம். மட்டையடிக்கிற பாபுவுக்கு நாற்பது கேட்டேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. நானே "அம்பது!" என்று கத்தினேன். சொன்னது சொன்னதுதானாம்.

மற்றவர்களை எடுத்தது போக மீதி பன்னிரண்டு. பந்து போடுகிற என் மகள் அமுதாவை யாரும் கேட்கமாட்டார்கள், கடைசியில் ஒரு பாயிண்டுக்கு எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

"ஒண்ணு" என்றேன். பக்கத்தில் நின்றிருந்த அமுதா தலையைக் குனிந்துகொண்டாள். ஏலத்தில் இருந்த என் மச்சான் "பத்து" என்றான். இருந்த பன்னிரண்டையும் கேட்டேன். அவன் "இருவது" என்றான்.

"இன்னா நைனா, ஒரு பாயிண்டுல என்னைத் தூக்கிடலாம்னு பாத்தியா?" என்றாள் அமுதா.

"சொந்தப் பொண்ணாச்சே, சும்மா குடுப்பாங்கனு நெனச்சேன்."

"மாமா, உனக்கு மூணு விக்கெட்டாவது எடுத்துக் குடுக்கறேன். நைனா பாபுவை வச்சினு அழுவட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மச்சான் இருபது என்றதும், என் ஒன்றுக்குக் குனிந்த அவள் முகம் நிமிர்ந்ததைப் பார்த்தேன். கையில் இன்னும் ஐம்பது இருந்திருந்தாலும் அதற்குமேல் கேட்டிருக்கமாட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.