6.22 போட்டேன், 7.04 நிறுத்தினேன்

மார்ச் 3

இன்று சீரியல் வரவில்லை. 'இந்த நிகழ்ச்சி நீங்கள் இருக்கும் பகுதியில் கிடைக்காது' என்று கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. நேற்றுவரை வந்தது.

மனைவி அங்கே டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு போனில் கதை சொன்னாள். "லாரி ஓட்டுறவ கோர்ட்டுக்குள்ள போறா. மாமனார் முறைக்கிறான். ஜட்ஜ் கண்ணாடிய கழட்டுறாரு... இருங்க இருங்க, விளம்பரம் போட்டுட்டான்."

கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீங்களா, போட்டேன் — இரண்டு நிமிஷத்தில் எங்கள் பேச்சு முடிந்துவிடும். அங்கே எட்டு மணி, இங்கே ஆறரை. அந்த அரை மணி நேரம் ஒரே படத்தைப் பார்த்தால்தான் அவள் சண்டை போடுவாள், சிரிப்பாள். பத்திரிகை மூடிய பிறகு ஐம்பத்தெட்டு வயதில் வெளிநாட்டு வேலைக்கு இங்கே வந்தவனுக்கு, வீடு என்பது அந்த அரை மணி நேரம்தான்.

மார்ச் 4

மேல் வீட்டு வெல்டர் வந்து விபிஎன் போட்டுக் கொடுத்தார். இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. அந்த விரலாலேயே தட்டுகிறார்.

"இது என்ன பண்ணும்?" என்று கேட்டேன்.

"நம்ம கம்ப்யூட்டர் ஊர்ல இருக்கிற மாதிரி காட்டும்ண்ணே. டிவிக்காரன் நம்பிடுவான்."

"காசு?"

"சும்மா குடுக்கிறான். வாங்கிக்கிறத விட்டுட்டுப் பேட்டி எடுக்கிறீங்களே!"

இந்தக் குடியிருப்பில் எட்டு வீட்டுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மார்ச் 5

6.22 போட்டேன். 7.04 நிறுத்தினேன். தெளிவாக வந்தது. மாமனார் இன்றும் முறைத்தான். "அவனுக்கு வேற முகமே இல்லையாங்க?" என்றாள்.

மார்ச் 9

6.20 — 7.03. எப்போது எதைச் செய்தாலும் நேரம் குறிப்பது செய்திக்காரனாக இருந்த நாளின் வியாதி. விடாது.

மார்ச் 12

பயிற்சித் துறையில் ஜன்னலுக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் நடுவில் என் மேசை. நிறுவனத்தின் பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழில் எழுதுவதுதான் வேலை. 'இயந்திரம் ஓடும்போது கை வைக்காதீர்.' இன்று வந்தது இது:

'நிறுவனக் குடியிருப்பில் விபிஎன் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டுள்ளது. மீறுவோர் உடனடியாகப் பணிநீக்கம் செய்யப்பட்டு, உரிய அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்படுவர்.'

மூன்று முறை திருத்தினேன். 'உடனடியாக' என்ற சொல்லை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். மேலாளர் மூலத்தோடு ஒப்பிட்டு, ஒரு சொல் குறைகிறதே என்றார். திரும்பச் சேர்த்தேன். கேன்டீன் பலகையில் நான்கு குண்டூசி குத்தி நானே ஒட்டினேன். பின்னால் ஒருவர் படித்துவிட்டு, "யாருய்யா இத இவ்வளவு நல்லா எழுதினது? படிச்சாலே வயித்தக் கலக்குது" என்றார்.

இன்று வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

6.28க்கு அவள் அழைத்தாள். 6.31 போட்டேன். 7.02.

மார்ச் 16

விபிஎன் இணைய இருபது நிமிஷம் ஆகிறது. கதை பாதி போய்விடுகிறது. அதனால் காலையிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினேன். காலை 7.10 போட்டேன். மாலை 7.05 நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்து தொட்டபோது கணினியின் அடிப்பக்கம் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. விசிறி இரைந்துகொண்டிருந்தது. ஆளில்லாத வீட்டில் பகல் முழுக்க அதற்கு என்ன வேலை?

மார்ச் 17

7.12 — 7.03. பலகையில் என் அறிவிப்பு அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்காமல் சாப்பிடுவதற்காகத் தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

மார்ச் 20

7.10 — 7.06. லாரிக்காரிக்கு ஜாமீன் மறுத்துவிட்டார்கள். மனைவி அழுதாள். "ஏய், நடிக்கிறாங்கடி" என்றேன். "தெரியுங்க, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று மூக்கை உறிஞ்சினாள்.

மார்ச் 23

மூன்று நாளாக இணைப்பே கிடைக்கவில்லை. பழுதாக இருக்கும்.

மார்ச் 24

பழுதில்லை.

கதவுக்கு அடியில் ஒரு உறை கிடந்தது. இணைய நிறுவனத்தின் கடிதம். இணைப்பைத் துண்டித்தது அவர்கள்தான். நகல் எங்கள் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் போயிருக்கிறது. மார்ச் 5 முதல் 20 வரை இந்த வீட்டு இணைப்பிலிருந்து ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவேட்டுக்குள் நுழைய 1,140 முறை முயற்சி நடந்திருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதாவது நான் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

எந்த மருத்துவமனை? எனக்கு ஒரு பல் டாக்டரைத் தவிர யாரையும் தெரியாதே. என் பெயரில் வந்திருக்கிறது. வீட்டு எண் சரி. மாடி சரி.

கணினியைத் திறந்து விபிஎன்னை அழித்தேன். 6.26. அழித்த பிறகு கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். அவள் அழைத்தபோது கரன்ட் இல்லை என்று சொன்னேன்.

"அங்கயுமா கரன்ட் போகுது?" என்றாள்.

மார்ச் 25

மதிய இடைவேளையில், எங்கள் பத்திரிகையில் தொழில்நுட்பப் பக்கம் பார்த்தவரைக் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"சும்மா குடுக்கிறவன் எதுக்குக் குடுப்பான் சார்? நீங்க ஊர்ல இருக்கிற மாதிரி அது காட்டுச்சுல்ல? அதே நேரத்துல வேற எவனையோ உங்க வீட்டுல இருக்கிற மாதிரி காட்டியிருக்கு. நீங்க அவன் வாசல்ல நுழைஞ்சீங்க, அவன் உங்க வாசல்ல நுழைஞ்சான்."

பகல் முழுக்க அதற்கு என்ன வேலை என்று கேட்டேனே. இதுதான்.

"பயப்படாதீங்க. அத அப்படியே வச்சிருங்க. அதுதான் உங்களுக்குச் சாட்சி."

"அழிச்சுட்டேன்."

"முப்பது வருஷம் போலீஸ் செய்தி எழுதின ஆளு சார் நீங்க" என்றார்.

ஆமாம். 'தடயத்தை அழித்தபோது சிக்கினார்.' எத்தனை பேரைப் பற்றி எழுதியிருப்பேன், கொஞ்சம் நக்கலாகவே.

மார்ச் 26

பாதுகாப்பு அதிகாரியின் அறை. ஜன்னல் இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கி இழுப்பறையில் வைத்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. மேசைமேல் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர், பெண் குரல். "ஐயா, சார் கேக்கிறாரு, அந்தக் கம்ப்யூட்டர வேற யாராவது தொட்டாங்களா?"

"இல்லை" என்றேன். முதல் பொய்.

முயற்சிகள் நடந்த நேரப் பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்தார். முதல் வரி: மார்ச் 5, 6.24 முதல் 7.04 வரை. அடுத்தது மார்ச் 9, 7.03இல் நிற்கிறது. மார்ச் 16, காலை 7.13 முதல் மாலை 7.05 வரை.

அது என் குறிப்பேடு. நான் போட்டதும் தொடங்கி, நான் நிறுத்திய நிமிஷம் நின்றிருக்கிறது. பகலில் நான் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் இருந்தேன். மாலையில் அவளோடு போனில் இருந்தேன். செய்தது நான் இல்லை, விபிஎன் என்று காட்ட இனி இந்த நோட்டு ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் தடையை மீறினேன் என்று தேதிவாரியாக என் கையெழுத்தில் சொல்வதும் இதுதான்.

இரண்டு நாள் கேட்டேன். கொடுத்தார். பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை.

மார்ச் 27 (தனித்தாளில்)

இதை நோட்டில் எழுதக் கூடாது.

நோட்டைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து முதலிலிருந்து படித்தேன். மார்ச் 4இல் நின்றுவிட்டேன். முப்பது வருஷமாகக் குறிப்பேட்டில் தகவல் தந்தவர் பெயரை எழுதியதில்லை. இதிலும் எழுதவில்லை. ஆனால் மேல் வீடு என்று எழுதியிருக்கிறேன். வெல்டர் என்று எழுதியிருக்கிறேன். பெயரை மறைத்த புத்திசாலி, நகத்தை மறைக்கவில்லை. எட்டு வீடு என்று கணக்கு வேறு.

துணி துவைக்கும் அறையில் அவரைப் பிடித்துச் சொன்னேன். மெஷின் சத்தத்தில் குனிந்து கேட்டார்.

"என் பேரு இருக்காண்ணே?"

"பேரு இல்ல."

"அப்புறம் என்ன இருக்கு?"

சொன்னேன். கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார், குழந்தை மாதிரி.

"பெரிய பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்குண்ணே. எட்டு வீட்டுக்குப் போட்டவன்னா என்னை வெறுமனே அனுப்ப மாட்டாங்க, உள்ள வச்சிருவாங்க. நான் உதவிதானே பண்ணேன்? எனக்கே தெரியாதே!"

"தெரியும்."

"உங்களத் திட்டவும் முடியல" என்று சொல்லி, ஈரத்துணியை எடுக்காமலே போய்விட்டார்.

மாலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றேன். பின்னால் சீரியலின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினாள்.

"என்கூடச் சேர்ந்து பாக்கிறதுக்காகவா?"

"ஆமா."

"பைத்தியமாங்க உங்களுக்கு? நான் வாயாலயே சொல்லியிருப்பேனே." பிறகு, "அந்த மேல் வீட்டுக்காரர மாட்டி விட்டுராதீங்க" என்றாள். பிறகு, "உங்களையும் மாட்டி விட்டுக்காதீங்க" என்றாள். இரண்டையும் எப்படிச் செய்வது?

மார்ச் 28 (தனித்தாளில்)

மார்ச் 3, 4 எழுதிய தாளைக் கிழித்தேன். முன்பக்கம் அவள், பின்பக்கம் அவர். வாழ்நாளில் நோட்டில் தாள் கிழித்ததில்லை. மடித்து மாத்திரை டப்பாவுக்குள் வைத்தேன்.

மார்ச் 29 (தனித்தாளில்)

கொடுத்தேன். அதிகாரிக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எண் தெரியும். பட்டியலை ஒரு பக்கமும் நோட்டை ஒரு பக்கமும் வைத்து அளவுகோலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக். ஆறாவது டிக்கில் அவர் முகம் கொஞ்சம் தளர்ந்ததாக எனக்குத் தோன்றியது.

பிறகு பக்கத்தைப் புரட்டியபோது ஒரு தாள் கழன்று மேசைமேல் விழுந்தது. தைத்த நோட்டு. ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாள் பிடிப்பில்லாமல் நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா? பயத்தில் அதுகூடத் தோன்றவில்லை.

"சார் கேக்கிறாரு, இதோட மறுபாதி எங்கங்க ஐயா?"

"கிழிச்சுட்டேன்."

"ஏன்னு கேக்கிறாரு."

"அதுல இன்னொருத்தர் இருக்கார். அவருக்கும் எதுவும் தெரியாது. அதனால கிழிச்சேன். முன்னாடி யாரும் தொடலைன்னு சொன்னது பொய்."

மொழிபெயர்ப்புப் பெண் அதைச் சொல்லி முடிக்க நேரம் எடுத்தாள். அதிகாரி எழுந்து, தண்ணீர் குடித்து, மறுபடி உட்கார்ந்தார்.

"அந்தத் தாளக் குடுத்தா எச்சரிக்கையோட வேலையில இருக்கலாமாம். குடுக்கலைன்னா அவர் பொறுப்பில்லையாம். நான் எதையும் மாத்திச் சொல்ல முடியாதுங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." கடைசி வாக்கியம் அதிகாரி சொன்னதாகத் தெரியவில்லை.

கழன்று விழுந்த தாளை எடுத்து நோட்டுக்குள் திரும்ப வைத்தேன்.

"குடுக்க முடியாதுன்னு சொல்லுங்கம்மா."

ஏப்ரல் 2 (தனித்தாளில்)

யாரும் கூப்பிடவில்லை. மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்கிறேன். பனியனோடு பிடித்துக்கொண்டு போகக் கூடாது என்று ஒரு நினைப்பு. மூன்று முறை போட்டு மூன்று முறை கழற்றினேன்.

ஏப்ரல் 6 (தனித்தாளில்)

லிஃப்டில் மேல் வீட்டுக்காரரும் நானும் மட்டும். அவர் மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அடிபட்டதற்கு அல்ல.

ஏப்ரல் 11

பாஸ்போர்ட்டோடு நோட்டும் திரும்பி வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நீல முத்திரை. போலீஸ் வழக்கு இல்லை; நேரங்கள் பொருந்துகின்றன என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது சுவரில் சாய்ந்து நின்றேன்.

நிறுவனத்தில் விதிமீறல், விசாரணைக்கு ஒத்துழையாமை. பணிநீக்கம். ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கோப்பில் வைக்கத் தமிழ்ப் படி ஒன்று வேண்டுமாம். தமிழ் எழுதுகிறவன் நான் ஒருவன்தானே. என் பணிநீக்கக் கடிதத்தை நானே தமிழாக்கினேன். 'உடனடியாக' என்ற சொல்லுக்கு இந்த முறை யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 27

வீடு. முத்திரை விழாத பக்கம்.

தனித்தாள்களை இடத்தில் சேர்த்தேன். மாத்திரை டப்பாவிலிருந்த தாளையும் பிரித்து ஒட்டினேன். இங்கே யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. ஒட்டும்போது மனைவி மார்ச் 3ஐப் படித்துவிட்டாள். பசை போதுமா என்று மட்டும் கேட்டாள்.

வாசலில் வண்டி நின்றால் இன்னும் கை சட்டையைத் தேடுகிறது.

8.00 போட்டாள். அருகருகே உட்கார்ந்து பார்த்தோம். நான் நேரம் குறிப்பதைப் பார்த்து, "இங்கயுமா? யாருங்க வந்து கேக்கப் போறா?" என்றாள்.

பாதியில் ஒரு போன் வந்தது. நான் எடுத்து, "பேர் சொல்லாமப் பேசுங்க" என்று சொல்வதற்குள் அவளே வாங்கிக்கொண்டாள். "ம்... நல்லா இருக்காரு. உங்க பொண்ணுங்க எப்படி இருக்காங்க? ம்... லாரிக்காரியா? இன்னும் ஜெயில்லதான் இருக்கா. மாமனாரு இப்பதான் உள்ள வர்றான். அதே முறைப்பு... இருங்க இருங்க, விளம்பரம் போட்டுட்டான்."

8.31 நிறுத்தினாள். அந்த போன் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதவில்லை.