என் காதைப் பாருங்கள்

மச்சான்,

இன்று காலை கண் பரிசோதனைக் கருவியின் தாங்கியில் தாடையை வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி இருட்டறையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் துடைத்த ஸ்பிரிட்டின் வாசனை. ஒளிக்கீற்றுக்கு அந்தப் பக்கமிருந்து சீன டாக்டர் பெண், "அங்கிள், என் காதைப் பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சின்னக் காது, ஒற்றை வெள்ளித் தோடு. என் கண்ணில் நின்றது அந்தக் காது அல்ல. ஓரத்தில் முடி முளைத்து, கண்ணாடிக் கம்பியின் தடம் பதிந்த உங்கள் பெரிய காது.

அந்தக் காதை நான் முதன்முதலாக அவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது நமக்குள் பேச்சு நின்று போயிருந்தது. காரணத்தை நான் மறக்கவில்லை. உங்கள் மகள் கல்யாணத்தில், முன்வரிசையில் உட்கார வேண்டிய அத்தை புருஷனை, "மாப்ளே, காடி நிறுத்துற எடத்தக் கொஞ்சம் பாத்துக்க" என்று வெயிலில் அனுப்பினீர்கள். கோலாலம்பூர் சம்பந்தி வீட்டார் பட்டு வேட்டியோடு வந்து இறங்க, நான் கார்களுக்குக் கையை ஆட்டி இடம் காட்டிக்கொண்டிருந்தேன். தாலி கட்டியாகிவிட்டது என்பதைக் கெட்டிமேளச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன். அலுவலகத்தில் எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் என்னைத் தாண்டி மேலே போனதையே சகித்தவன் நான். இதைச் சகிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் ஜுரு சாலையில் காடி ஓட்டும்போது, இடப்பக்கமிருந்து வந்த மோட்டார் சைக்கிள் எனக்குத் தெரியவே இல்லை. உங்கள் தங்கை அலறிய அலறலில்தான் பிரேக்கை மிதித்தேன்.

"அண்ணன் கடைக்கு வர்றீங்களா, இல்ல காடி சாவியக் கடல்ல வீசட்டுமா?" என்றாள்.

சூலியா தெருவை ஒட்டிய சந்தில் உங்கள் மூக்குக் கண்ணாடிக் கடை. அந்தக் கடைக்குக் கண்ணை ஸ்கேன் எடுக்கும் இயந்திரத்தை வாங்கிப் போட்டபோது, "சம்பான் படகுல கப்பல் இன்ஜின மாட்டுறாரு" என்று சொந்தமெல்லாம் சிரித்தது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

"வாங்க, உக்காருங்க" என்றீர்கள். எப்போதும் எனக்கு "வா, உக்காரு"தான். அந்த "ங்க" மண்டபத்து வெயிலைவிடச் சுட்டது.

சண்டைக்காரர்கள் உட்காரக் கூடாத கருவி அது, மச்சான். ஒரு சாண் தூரத்தில் இரண்டு முகங்கள். திரும்பவும் முடியாது, முறைக்கவும் முடியாது. உங்கள் மூச்சில் இஞ்சி டீ மணத்தது. "என் காதப் பாருங்க." பார்த்தேன். "இப்ப அந்தக் காது." பார்த்தேன். அடுத்த முறை, "கண்ண அசைக்காத மாப்ளே, காதப் பாரு" என்று வாய் வழுக்கிவிட்டது உங்களுக்கு. இருவருமே கவனிக்காத மாதிரி இருந்துகொண்டோம்.

அதன் பிறகுதான் ஸ்கேன். கண்ணைத் தொடவில்லை, கீறவில்லை. ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எச்சில் விழுங்குவதற்குள் முடிந்துவிட்டது. என் விழித்திரையின் குறுக்குவெட்டு, திரையில் வண்ண வண்ண அடுக்குகளாக விரிந்தது.

"குவே லாப்பிஸ் கேக் மாதிரி அடுக்கடுக்கா இருக்குல்ல?" என்றீர்கள். பிறகு ஓர் இடத்தில் விரலை வைத்தீர்கள். "இங்க பாரு. நரம்பு அடுக்கு இந்தப் பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. கண்ணழுத்தம் சரியாத்தான் காட்டுது. அத மட்டும் பாத்திருந்தா கோட்டை விட்டுருப்போம்."

"எங்கிட்ட கொற கண்டுபிடிக்கிறதுதானே உங்க வீட்டு ஆளுங்களுக்கு வேல" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. "நீ என் தங்கச்சி புருஷன்னு மெஷினுக்குத் தெரியாது மாப்ளே. அதுக்குத் தெரிஞ்சது உன் வயசுதான். அந்த வயசுக்காரங்க நரம்போட உன் நரம்ப வச்சுப் பாக்குது. செவப்புங்குது, கொறைவுன்னு அர்த்தம். அதுகிட்டயும் சண்ட போடுவியா?"

போட முடியவில்லை. என் வாழ்நாளில் என்னை அளந்தவர்களெல்லாம், நான் யார் மகன், யாருடைய ஆள் என்று கேட்டுவிட்டுத்தான் அளந்தார்கள். எதுவும் கேட்காமல் என்னை அளந்தது அந்த இயந்திரம்தான். கண்மணி வழியாக உள்ளே போய்த் திரும்பி வரும் வெளிச்சத்தைக் கொண்டே, முடியைவிட மெல்லிய அடுக்குகளை அது பிரித்துக் காட்டுகிறது. பார்வை குறைவதைக் கண்ணுக்குச் சொந்தக்காரன் உணர்வதற்குப் பல காலம் முன்பே, நரம்பு தேய்வதை அது கண்டுகொள்கிறது. நான் எதையும் லேசில் புகழாதவன். இதைப் புகழ்கிறேன். தலை நரைத்த பிறகு உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்ட உங்களையும்.

அன்றே கடையை மூடிவிட்டு என்னைக் கண் நிபுணரிடம் அழைத்துப் போனீர்கள். "போனது வராது. இருக்கறதப் புடிச்சு வச்சுக்கலாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் நல்ல உச்சி வெயில். நிறுத்த இடமில்லை. என்னை இறக்கிவிட்டு, காடிக் கண்ணாடியை இறக்கிச் சொன்னீர்கள்: "நீ உள்ள போய் உக்காரு மாப்ளே. காடிய நான் பாத்துக்கறேன்."

நெடுநேரம் கழித்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். தெரிந்துதான் சொன்னீர்களா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. இனிக் கேட்க வழியில்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் மகள் அந்த இயந்திரத்தை இந்த டாக்டரிடம் கொடுத்துவிட்டாள். என் பழைய படங்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. இன்று எடுத்ததை, அன்று நீங்கள் எடுத்ததன் பக்கத்தில் வைத்து டாக்டர் பார்த்தாள்.

"மாற்றமே இல்லை அங்கிள். அப்படியே இருக்கிறது. முதல் படம் ரொம்பத் தெளிவு. யார் எடுத்தது?"

"என் மச்சான்" என்றேன்.

கல்யாண வெயிலும் எனக்குள் அப்படியேதான் இருக்கிறது, மச்சான். அதிலும் ஓர் அடுக்குகூடத் தேயவில்லை. அதை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் தினமும் படுக்கப் போகுமுன் உங்கள் தங்கை என் தலையைச் சாய்த்து, கண்ணில் சொட்டு மருந்து விடுகிறாள். "ஆடாம எங்கயாச்சும் பாருங்க" என்பாள். நான் பார்க்கும் இடம் அவளுக்குத் தெரியாது. உங்கள் காதைத்தான் பார்க்கிறேன்.