மிளகாய்க் காம்பில் உறைந்த தயிர்

அக்கா,

இன்று விடிந்ததும் வற்றல் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தேன். காம்புகளைக் குப்பையில் கொட்டப்போன மருமகளிடம் "அதை வைம்மா" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பாவம், பயந்துபோனாள். எல்லாம் உங்கள் நினைப்புதான்.

எழுபதுகளின் கடைசியில் தேரடிப் பக்கம் ஒரே வாசலில் இரண்டு குடித்தனமாக இருந்தோம். நீங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டீர்கள். பழைய மோரில் உயிர்கள் இருக்கும் என்று அதை உறைக்கு ஊற்றுவதும் உங்கள் வீட்டில் கிடையாது. கறந்த பாலை உடனே காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் மிளகாய்க் காம்பைப் போட்டு மூடிவிடுவீர்கள்.

"தயிர் காரமா இருக்காதா அக்கா?" என்று கேட்டேன்.

"உன் வாயைவிட காரம் கம்மிதான்" என்றீர்கள்.

அந்த மார்கழியில் காய்ச்சல் உங்களைப் படுக்கையில் தள்ளியது. கஞ்சிகூட இறங்கவில்லை. "வாயெல்லாம் கசக்குது. ரெண்டு வாய் தயிர்சோறு இருந்தா தேவலை" என்று என்னிடம் கேட்டீர்கள். அன்று பார்த்துப் பால்காரர் தாமதம். காய்ச்சி, காம்பு போட்டு, சாக்கைச் சுற்றி அடுப்போரம் வைத்தேன். குளிரில் காம்பு வேலை செய்யுமா? திறந்து திறந்து பார்த்தேன், பாலாகவே இருந்தது.

என் சமையலறையில் ஒரு சட்டி மோர் இருந்தது. ஒரு கரண்டி ஊற்றினால் சீக்கிரம் உறைந்துவிடும், உங்களுக்குத் தெரியவும் போவதில்லை. கரண்டியைக் கையில் எடுத்தேன். என்னை நம்பித்தானே கேட்டீர்கள் என்று திரும்ப வைத்துவிட்டேன்.

நம் தெருவில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். "வேங்கிக்கால் பக்கம் மலை மறைக்காது, அங்க இன்னும் வெயில் அடிக்கும் அக்கா, கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"அப்ப அங்க போயி சாப்பிடறேன்" என்று சிரித்தீர்கள். இருட்டியதும், "விடு, காலையில பாத்துக்கலாம்" என்றீர்கள்.

காலையில் தயிர் கட்டியாக உறைந்திருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது உங்கள் வீட்டில் அழுகுரல் கேட்டது.

ஊற்றாமல் விட்டது சரிதானா? எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊற்றியிருந்தால் சாப்பிட்டிருப்பீர்கள். உங்களை ஏமாற்றியும் இருப்பேன். இரண்டில் எதுவும் என்னைத் தூங்க விட்டிருக்காது.

ஊரெல்லாம் இரவில் உறை ஊற்றும்போது நான் மட்டும் காலையில் ஊற்றுகிறேன். மருமகள் சிரிப்பாள். இன்று காம்புதான் போட்டேன். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும் முன்பே உறைந்துவிட்டது. சித்திரை மாதம் அல்லவா, அக்கா.