பாறையில் தோண்டச் சொன்ன குழி

பதுளை மறியற்சாலை

தாய்வீட்டில் இருக்கும் என் தங்கத்துக்கு,

பிள்ளை பிறந்ததா? உன் உடம்பு தேறியதா? தோட்டத்துச் செய்தி வேறு யார் வாயாலும் உனக்கு எட்டுவதற்கு முன் நானே எழுதுகிறேன்.

வயிற்றுப்புழு பரவுகிறதென்று நம் லயத்து வரிசை வீடுகளுக்குக் கக்கூஸ் கட்டத் துரை உத்தரவு போட்டார். பின்புறம் முழுக்கப் பாறை என்பது உனக்குத் தெரியும். "குழி வேணாங்க, வாளி வச்சாப் போதும்" என்று கங்காணியிடம் உன் தம்பி வேலாண்டி சொன்னான்.

"வாளிய தெனமும் ஒங்கப்பனா சொமப்பான்? வெடி வைடா!" என்று கங்காணி கத்தினான்.

வைத்த வெடிகளில் ஒன்று வெடிக்கவில்லை. "திரியில நெருப்பு இருக்கும், கொஞ்சம் பொறுங்க" என்று நான் கெஞ்சினேன். கங்காணி பிரம்பால் வேலாண்டியின் முதுகில் விளாசி, "போய்ப் பாருடா" என்று விரட்டினான். அவன் குனிந்ததும் வெடித்தது. அவன் முகத்தைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன். என் வேட்டியில்தான் அவனைச் சுற்றினேன்.

அப்போதும் கங்காணி, "அடுத்த ஆள் வாங்கடா" என்றான். என் கையில் பாறை பெயர்க்கும் இரும்பு அலவாங்கு இருந்தது. அவன் மூச்சு நின்ற பிறகும் நான் நிறுத்தவில்லை. நாலைந்து பேர் சேர்ந்துதான் என்னை இழுத்தார்கள்.

இப்போது லயத்துக்கு வாளிதான் வைத்திருக்கிறார்களாம்.

அடுத்த வாரம் தீர்ப்பு. வக்கீல் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நீ கப்பலேறி இங்கே வந்துவிடாதே.

தம்பி வலி தெரியாமல் போனான் என்று உன் அம்மாவிடம் சொல். அது பொய்யில்லை. கங்காணிக்குத்தான் வலி தெரிந்தது.

உன் வீட்டுக்காரன்