இடப்பக்கத்துப் பஞ்சு

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் போனில் கோல் எடுத்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நெல்லியடிக் கடை வழமைபோல் நடக்கிறது. நீ புத்தூருக்குப் போன பிறகு தையல் கெதியாகவே முடிகிறது.

நேற்று விமலாதேவி ரீச்சர் சாறிச் சட்டைக்குப் புதுத்துணி கொண்டுவந்தார். அளவுக்கு நீ தைத்த பழைய சட்டையும் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்து, "தங்கச்சி இல்லையோ?" என்றார்.

"என்னட்டைத் தாங்கோ" என்று வாங்கினேன். இடப்பக்கம் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. உன் கவனக்குறைவு என்று நினைத்துவிட்டேன். கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்க, "உதென்ன ரீச்சர், ஒரு பக்கம் மட்டும் மொத்தமாய்க் கிடக்குது? ரெண்டையும் ஒரே மாதிரித் தைச்சு விடுறன்" என்றேன்.

ரீச்சர் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். "பிறகு வாறன் பிள்ளை" என்று போய்விட்டார்.

வாசலில் நின்ற ஒருத்தி சொன்னாள்: "அவவின்ரை ஒரு மார்பை ஒப்பரேசன் செய்து எடுத்தாச்சு. உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது. அவர் உன்னோடு மெல்லிய குரலில் கதைத்ததெல்லாம் எனக்கு ஊர்வம்பாகத்தான் பட்டது. "வாற சனத்தோடை கதைச்சுக்கொண்டிருந்தால் தையல் எப்ப முடியும்?" என்று நீ வெளிக்கிட்டுப் போன அன்றைக்கு உன்னை ஏசினேனே, அதுவும் ரீச்சர் போன கையோடுதான்.

சட்டையும் துணியும் மேசையிலேயே கிடக்கின்றன. பஞ்சு எவ்வளவு வைப்பது, எப்படிப் பிடித்துத் தைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதி அனுப்பாதே, வாசித்தால் விளங்காது. போனில் சொன்னாலும் விளங்காது.

அக்கா