லஞ்சன் மீட் யாருடையது

ஜூலை 2, புதன்

கொளுத்தும் வெயில். காலையில் காயப்போட்ட துணி கிளம்புவதற்குள் அப்பளம். புகைமூட்டம் வேறு. எங்கள் ராசா ஊரிலிருந்து மலையே தெரியவில்லை.

டயர் கடையில் நாள் முழுக்க பில். மதியம் கடைப் பின்கட்டில், டீ போடும் சின்ன மின் அடுப்பில் லஞ்சன் மீட், அதான் டின்னில் வரும் அரைத்த பன்றி இறைச்சி, பொரித்தேன். (இனி ல.மீ. முழுதாக எழுதினால் கை வலிக்கிறது.) ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றவில்லை. அதன் கொழுப்பே போதும். அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். ஓரம் கருஞ்சிவப்பாகி முறுகும்வரை சட்டியில் விட வேண்டும். நடுவில் மெத்தென்றே இருக்கும். ரொட்டிக்குள் வைத்து, நறுக்கிய சில்லிப் பாடி மிளகாய், மேலே கொஞ்சம் கிச்சாப் சோயா சாறு. சொர்க்கம்.

கடை முதலாளி டவுக்கேயின் மனைவி எட்டிப் பார்த்தாள். "அய்யோ ரேவதி, அது முழுக்க உப்பு லா. ஒடம்புக்கு ஆகாது." சொன்னவள் கையில் கப் நூடல்ஸ். தூள் பாக்கெட்டைப் பிரித்து முழுசாகக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் என் புருஷன் லோகன் ராவாங்கில் வேலை முடித்து வந்து ஏற்றிக்கொண்டான். செரண்டா தாண்டி, செம்பனைத் தோட்டத்துச் சந்தில் வழக்கம்போல் காரை நிறுத்தினோம். மதியம் எடுத்துவைத்த அவன் பங்கை அவன் தின்றான், விரலை நக்கினான். பிறகு நான்கு ஜன்னலையும் இறக்கி வாசனையை விரட்டினான். பிறகு வாய்க்கு ஒரு புதினா மிட்டாய். மீசை வைத்த ஆம்பளை, கல்யாணம் ஆனவன், அம்மாவுக்குப் பயந்து மிட்டாய் சப்புகிறான். சிரித்து மாளவில்லை.

வீட்டில் மாமி, அவன் அம்மா, கேட்டார்: "வயிறு சரியில்லையா, ஏன்டா கொஞ்சமா சாப்பிடுற?"
"வேலை டென்ஷன்மா."

ஜூலை 4, வெள்ளி

பேனாவை அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்தான்.

மாமியைக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். கோலா குபு பாருக்கு. லோகன் (இனி லோ.) ஓட்ட, நான் பக்கத்தில், மாமி பின் சீட்டில் மடியில் அர்ச்சனைத் தட்டோடு. சிக்னலில் லோ. சட்டென்று பிரேக் போட்டான். சீட்டுக்கு அடியிலிருந்து ல.மீ. டின் உருண்டு மாமியின் காலில் போய் முட்டியது. வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போகிற வழி. பன்றிப் படம் போட்ட பக்கம் மேலே.

மாமி கையால் எடுக்கவில்லை. செருப்பு நுனியால் தள்ளினார்.
"இது யாரோடது?"

லோ. கண்ணாடியைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். என்னை மட்டும் பார்க்கவில்லை.
"அவளோடதுமா."

பச்சை விழுந்தது. ஓட்டினான்.

கோயிலில் என்ன வேண்டினேன் என்று எழுத மாட்டேன். அம்மனுக்குத் தெரியும்.

ஜூலை 5, சனி

மழை, கடைசியில். கொட்டித் தீர்த்தது.

மாமி ஃபோனில் அக்காவோடு. தாழ்ந்த குரல், ஆனால் எனக்குக் கேட்க வேண்டிய அளவுக்கு: "எஸ்டேட் புள்ளக்கா. லயத்துல டின்ன ஒடைச்சுத் தின்ன நாக்கு. எம்புள்ளையையும் பழக்கிடுவாளோன்னுதான் பயமா இருக்கு."

இது என் சொந்தப் புத்தகம், இதிலாவது நடந்ததை எழுதி வைக்கிறேன். கோலா சிலாங்கூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்து லய வீட்டில் டின் என்றால் சார்டின் மீன். வெங்காயம் தக்காளி போட்டு அம்மா வைக்கிற குழம்பு. ல.மீ. என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. லோவைக் காதலித்தபோது கேஎல்லில் (கோலாலம்பூர்) அவன் வாடகை அறைக்கு முதல் தடவை போனேன். "ஸ்பெஷலா ஒண்ணு செய்றேன், உக்காரு" என்றான். ஒற்றை அடுப்பு, கைப்பிடி ஆடும் சட்டி. டின்னைத் தட்டியதும் 'ப்ளக்' என்று சதுரமாக வழுக்கி விழுந்தது. எனக்குக் குமட்டியது. பொரித்துக் கொடுத்தான். ஒரு வாய் வைத்தேன். இவனையே கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது.

பழக்கிவிட்டவன் அவன். பட்டம் எனக்கு.

ராத்திரி கேட்டேன். அவன் சொன்ன பதில்: "நீன்னா அவங்க பொறுத்துக்கிட்டுப் போய்டுவாங்க. நான்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. ஒரே புள்ள. அப்பா போனதுலருந்து..."
"அதுக்கு?"
"ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. விடு லா."

விட மாட்டேன்.

ஜூலை 7, திங்கள்

மின் கட்டணம். மாமிக்கு முட்டித் தைலம். குடை ரிப்பேர்.

ஊரே ல.மீ. பற்றித் தீர்ப்பு சொல்கிறது. யோசித்துப் பார்த்தால் வாய்க்கு ஒன்று. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி: ரத்தக் கொதிப்பு வரும். ஒன்றுவிட்ட நாத்தனார் மகள், ஜிம்முக்குப் போகிறவள்: "ஆன்ட்டி, அது ஃபூடே இல்ல." என் அம்மா: ஏழைபாழைங்க சாப்பிடறது. மாமி: சமைக்கத் தெரியாதவ திங்கிறது. கடைப் பையன் ஒருவன்: பன்றியில் எதை எதை அரைத்தானோ.

எல்லாம் சரி. உப்புதான். கொழுப்புதான். பன்றியில் எந்தப் பாகம் என்று நானும் கேட்டதில்லை. ருசியாக இருக்கிறது. அதற்கு யாரிடமாவது பதில் இருக்கிறதா?

தினமும் தின்றால் தப்பு, தெரியும். தினமும் தின்பது யார்?

ஜூலை 9, புதன்

இன்று வீட்டிலேயே பொரித்தேன். ஒளித்து இல்லை. மாலை, விளக்கு வைப்பதற்கு முன்னால், பின்கட்டு அடுப்பில்.

மாமி வந்து நின்றார். "என் சட்டில வேணாம்."
"சரி மாமி. புதுசு வாங்கிட்டு வந்துட்டேன்."

அதை எதிர்பார்க்கவில்லை போல. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். பக்கத்து வீட்டு மலாய் முஸ்லிம் அக்காவுக்காக அந்தப் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்தினேன். அது மரியாதை. மற்றதெல்லாம் திறந்துதான் கிடந்தது.

சுடுசோறு, ல.மீ., பொரித்த முட்டை, மிளகாய்ச் சம்பல். மேசையில் உட்கார்ந்து தின்றேன். எதிரே லோ., முருங்கைக்காய் சாம்பாரோடு. என் தட்டைப் பார்த்தான், பார்த்தான், பார்த்தான். ஒரு துண்டு வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் 'ச்சே, எனக்கு வேணாம்' என்பான், அதையும் மாமி கேட்பார்.

கண்ணில் தண்ணி வந்துவிட்டது. சில்லியால் என்று சொல்லிக்கொண்டேன். இல்லை. தனியாகத் தின்றால் அவ்வளவு ருசி இல்லை, அதுதான் எரிச்சல்.

ஜூலை 11, வெள்ளி

சைவம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பூசணிக்காய்ப் பொரியல் மாமி கையில் பிரமாதம்.

அம்மா ஃபோன். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஒரு டின்னுக்கு எதுக்குடி சண்ட? அனுசரிச்சுப் போ."
"டின்னுக்கு இல்லம்மா."
"பின்ன எதுக்கு?"
சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது: நான் கெட்டவளாக இருந்தால்தான் அவன் நல்ல பிள்ளை. இன்று டின். நாளைக்குக் குழந்தை தள்ளிப்போவது, தனி வீடு பார்ப்பது, எல்லாவற்றுக்கும் 'அவளோடதுமா'தான் வரும்.

அம்மாவிடம் மழையைப் பற்றிப் பேசி வைத்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

ஆடி பிறக்கப் போகிறது. ஆடி முழுக்க மாமி கவிச்சி தொட மாட்டார். அதனால் நாளைக்குக் கடைசி ஞாயிறு, பெரிய சமையல். மாமியின் அக்கா வருகிறார்.

தோட்டத்தில் வேட்டைக்குப் போகிற ஆள் கொண்டுவந்து கொடுத்தான்: காட்டுப் பன்னி, பை நிறைய. மாமி முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். மிளகு இடித்தார், இஞ்சி அரைத்தார், யார் யாருக்கு ஒரு கிண்ணம் அனுப்புவது என்று கணக்குப் போட்டார். காட்டில் ஓடினால் பெருமை, டின்னில் கிடந்தால் கேவலம். நானும் மிளகு இடித்துக் கொடுத்தேன். வாசனை தூக்கியது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். மாமி சமையலில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

லோவைக் காருக்குள் உட்காரவைத்துச் சொன்னேன்: "நாளைக்கு மேசையில அதையும் வெப்பேன். உங்கம்மா கேப்பாங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்."
"ரேவதி, பெரியம்மா முன்னாடியா?"
"ஆமா."
"நான் சொல்லலன்னா?"
"சொல்லலன்னா இனிமே சந்துல காரை நிறுத்தாத. பசிச்சா உங்கம்மாவக் கேளு."

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. நானும்தான்.

ஜூலை 13, ஞாயிறு

காலை மப்பு. காற்றே இல்லை.

மேசையில்: பன்னி வறுவல், ரசம், முட்டைக்கோஸ், அப்பளம், தயிர். நடுவில் ல.மீ., வெங்காயம் தூவி. நன்றாகவே பொரித்திருந்தேன்.

பெரியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது என்னாது, சதுரம் சதுரமா?"

மாமி முந்திக்கொண்டார். "அது ரேவதிக்கு. எஸ்டேட்டுல சின்னப் புள்ளையிலருந்து பழக்கம்."

நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன். டம்ளர் நிரம்பிவிட்டது. லோ. சோற்றைப் பிசைந்தான். ரசம் கூட ஊற்றவில்லை, வெறும் சோற்றைப் பிசைந்தான். போச்சு என்று நினைத்தேன். எங்கே தனி வீடு, எங்கே நான், எல்லாம் மனதில் ஓடியது.

"அம்மா." பிசைவதை நிறுத்தினான். "அவளுக்கு இதத் திங்கக் கத்துக்குடுத்ததே நான்தான்."

பெரியம்மா கையில் அப்பளம், பாதியில்.

"கேஎல்ல ரூம்ல இருந்தப்ப நீங்க ஃபோன் பண்ணுவீங்கல்ல, என்ன சாப்ட்டேன்னு? ரசம்னு சொல்லுவேன். இதத்தான் சாப்ட்டுக்கிட்டு இருப்பேன். அன்னிக்குக் கார்லயும் பொய் சொன்னேன். எனக்கு வாங்குனதும்மா அது."

மாமி கரண்டியை வைத்தார். கத்துவார் என்று பார்த்தேன், என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது அவருக்கு.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

அவனைப் பார்த்துத்தான் கேட்டார். இந்த வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து குற்றம் கேட்கிற ஒரு கேள்வி அவனிடம் போனது இதுதான் முதல் தடவை. லோ. என் பக்கம் திரும்பினான், ஏதாவது சொல்லேன் என்கிற அந்த முகத்தோடு.

நான் சோறு போட்டுக்கொண்டேன். ல.மீ. இரண்டு துண்டு, மாமியின் வறுவல் ஒரு கரண்டி. ஆறுவதற்குள் சாப்பிட ஆரம்பித்தேன்.